ஏழாவது கோடு

குருவுக்கு வயது நாற்பத்தொன்று, சீடருக்கு அறுபத்தைந்து. மலைமேல் இருந்த அந்த வானாய்வு நிலையத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது. சிரித்து அலுத்துப்போய் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கத் தொடங்கி ஏழு வருடம் ஆகிவிட்டது.

குருவின் பெயர் மெஹருன்னிசா. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சீடர் தவசிமுத்து, தெற்கத்திப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்து நான்கு வருடம் வேதியியல் நடத்தியவர். ஓய்வு பெற்ற மறு மாதமே ஒரு டிரங்குப் பெட்டியோடு மலையேறி வந்து, முனைவர் பட்டத்துக்குப் படிக்க வேண்டும் என்று நின்றார்.

முதல் நாளே தகராறு.

"ஆக்சிஜனை உலோகம்னு எழுதியிருக்கீங்களே மேடம், இது என்ன கூத்து?"

"ஹீலியத்துக்கு மேல இருக்கிற எல்லாமே எங்களுக்கு உலோகம்தான் சார்."

"அப்ப நான் முப்பத்து நாலு வருஷமா பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"அது சரிதான். இங்க இப்படிச் சொல்லுவோம்."

தவசிமுத்து ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் வந்து, "சரி, உலோகம்னே வச்சுக்குவோம். அது எங்கன இருந்து வருது?" என்று கேட்டார்.

அப்படிக் கேட்டதில்தான் அவருடைய ஏழு வருடமும் போயிற்று.

ஆதியில் இருந்தது ஹைட்ரஜனும் ஹீலியமும் மட்டும்தான். ஆக்சிஜன், இரும்பு எல்லாம் நட்சத்திரத்தின் வயிற்றுக்குள் வெந்து உண்டானவை. பெரிய நட்சத்திரம் வெடித்துச் சாகும்போது வெந்ததை வெளியே கொட்டும். அந்த வாயுவிலிருந்து அடுத்த தலைமுறை நட்சத்திரங்கள் பிறக்கும். ஆகவே நட்சத்திரங்கள் பிறந்து சாகச் சாக, அவை குடியிருக்கும் விண்மீன் திரளில் உலோகம் சேர்ந்துகொண்டே போக வேண்டும். பெரிய திரள்களில் அப்படித்தான் நடக்கிறது.

சின்னத் திரள்களில் மட்டும் நடப்பதில்லை. எத்தனை நட்சத்திரம் பிறந்தாலும், எத்தனை வெடித்தாலும், சின்னது உலோகத்தில் ஏழையாகவே இருக்கிறது. இது உலகறிந்த விதி.

தவசிமுத்து எடுத்துக்கொண்டது ஒரு சின்னத் திரள். பெயர் கிடையாது, ஒரு நீளமான எண் மட்டும். அதில் இப்போதும் நட்சத்திரங்கள் மளமளவென்று பிறந்துகொண்டிருந்தன. அது ஏழை இல்லை, பணக்காரத் திரள் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். தன்னிடம் பிறந்தது எதையும் அது வெளியே விடவில்லை. வெளிநாட்டுக் குழு ஒன்று, எங்கள் பெரிய தொலைநோக்கியில் உங்களுக்கு நேரம் வாங்கித் தருகிறோம் என்று எழுதியிருந்தது. பட்டத்துக்கான கெடு முடிய முப்பத்தேழு நாள் இருந்தது. கடைசி அத்தியாயம் ஒன்றுதான் பாக்கி.

பணக்காரத் திரள் என்ற அந்த விடை வந்த அன்று தவசிமுத்து கணினி முன்னால் உட்கார்ந்து தேம்பி அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்து மேசைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார்.

காரணம் வேறு. அவருக்கு ஒரே மகள், அனுசியா. தான் கட்டிக்கொள்ளப் போகிறவனின் பெயரை அவள் ஒரு நாள் வீட்டில் வந்து சொன்னாள். தவசிமுத்துவின் கோபம் ஊரறிந்தது. மூன்று நாள் வீடே அதிரும்படி கத்தினார். நான்காம் நாள் அவள் வீட்டில் இல்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. சூரத்தில் பார்த்தேன் என்றார் ஒருவர், மஸ்கட்டில் இருக்கிறாள் என்றார் இன்னொருவர். மனைவி மகள் முகத்தைப் பார்க்காமலே கண்ணை மூடினாள். வந்தால் அவளாக வரட்டும் என்று இவர் இருந்துவிட்டார். எங்கோ கோடானு கோடி மைலுக்கு அப்பால் தன் வீட்டைப் போல ஒரு சின்ன வீடு தன் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது அவருக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் நிலையத்தின் படிவத்தில் வாரிசு பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருந்தார். மெஹருன்னிசா அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கார்த்திகை மாதம். பத்து நாளாக மழை. தொலைநோக்கியின் கூரை திறக்கவே இல்லை. பகலிலேயே அறைகளில் விளக்கு எரிந்தது. தவசிமுத்து கடைசி அத்தியாயத்தைக் கொண்டுபோய் குருவின் மேசையில் வைத்தார்.

மெஹருன்னிசா நின்றுகொண்டே படித்தார். பதினோராம் பக்கத்தில் நிறுத்தினார்.

"எதையெல்லாம் கழிச்சீங்க சார்?"

"பட்டியல்ல உள்ளதை மேடம். பதினெட்டையும்."

கணினி அறைச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். 'கழிக்க வேண்டியவை' என்று தலைப்பு. தொலைநோக்கியில் வானத்து ஒளியோடு பூமியின் வெளிச்சமும் கலந்து விழும். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த நிறமாலையில் அது, எந்தத் தனிமத்தின் வெளிச்சமோ அதற்குரிய தனித்தனிக் கோடுகளாகத் தெரியும். அவற்றை நீக்கிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்க வேண்டும். பட்டியலை யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. புதிதாக வருகிறவர் முதல் வாரம் அதைத் தன் கைப்பட ஒரு பிரதி எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். குருவும் எடுத்தவர்தான், சீடரும் எடுத்தவர்தான்.

"ஏழாவது?"

"பாதரசம். கரடிக்குட்டை தெருவிளக்கு."

மலையடிவாரத்து ஊர் கரடிக்குட்டை. அதன் விளக்கு வெளிச்சம் மேகத்தில் பட்டு மலைக்கு வரும்.

மெஹருன்னிசா தாள்களை மூடினார்.

"நாளைக்குக் காலையில கரடிக்குட்டைக்குப் போகலாம் சார்."

"இந்த மழையிலயா? எதுக்கு மேடம்?"

"மெர்க்குரி விளக்கைப் பாக்க."

தவசிமுத்துவுக்கு எதற்கென்று புரிந்துவிட்டது. அவர் வேதியியல்காரர். ஏழாவது கோட்டை ஒட்டினாற்போல் வேறு எந்தக் கோடு விழும் என்று அவருக்குத் தெரியும்.

இந்தக் கணக்கில் ஒரு வில்லங்கம் உண்டு. ஆக்சிஜனின் பெரிய கோடுகளை அளந்து கணக்குப் போட்டால் ஒரு விடை வராது, இரண்டு விடை வரும். ஒன்று, இந்தத் திரளில் ஆக்சிஜன் ஏராளம். இன்னொன்று, ஆக்சிஜன் அற்பம். இரண்டுக்கும் கோடுகளின் பிரகாசம் ஒன்றேதான். எது சரி என்று சொல்ல ஒரு சாட்சி உண்டு. மெலிந்த ஒரு கோடு. வாயு கடும் சூட்டில் இருந்தால்தான் அது கண்ணுக்குப் படும். உலோகம் இருந்தால் வாயு சூட்டை இறக்கி வைத்துவிடும், இல்லாத வாயுதான் கொதித்துக்கொண்டே கிடக்கும். கோடு இருந்தால் ஏழை, இல்லாவிட்டால் பணக்காரன்.

அந்த மெலிந்த கோடு, பாதரசக் கோட்டுக்குப் பக்கத்திலேயே விழும். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் கூர்மை அவர்களுடைய பழைய கருவிக்குக் கிடையாது. தவசிமுத்து ஏழாவதைக் கழித்தபோது அந்த இடமே துடைத்துவிட்டது போல ஆனது. அங்கே ஒன்றும் இல்லை என்று எழுதினார். பணக்காரன் என்று எழுதினார்.

காலையில் ஜீப் அவர்களைக் கடைத்தெருவில் இறக்கிவிட்டது. தூறல் நின்றபாடில்லை. மெஹருன்னிசா குடையை விரித்துக்கொண்டு ஒரு கடை வாசலில் நின்றார்.

"நீங்க பாத்துட்டு வாங்க சார். ஒண்ணு இருந்தாலும் போதும்."

தவசிமுத்து நடந்தார். கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்த்தார். வெள்ளைத் தகடு போலச் சப்பையாக எல்இடி விளக்குகள். பேருந்து நிலையத்திலும் அதுதான், ஆஸ்பத்திரித் தெருவிலும் அதுதான். கோயில் தெருவில் ஒரு கம்பத்தில் பேரூராட்சி லைன்மேன் ஏணி சாத்திக்கொண்டிருந்தார்.

"தம்பி, இங்கன மெர்க்குரி லைட்டு எங்க இருக்கு?"

"மெர்க்குரியா? அதெல்லாம் கழட்டி ஆறு வருஷம் ஆச்சு சார்."

"ஒண்ணு ரெண்டு விட்டுருப்பீங்கள்லா?"

"ஒண்ணுகூட இல்ல சார். நான்தான் கழட்டுனேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க தம்பி."

லைன்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மரவாடி வாசல்ல பழசு ஒண்ணு தொங்கிட்டு இருந்துச்சு. போய்ப் பாருங்க."

தவசிமுத்து ஓடினார். அறுபத்தைந்து வயதில், செருப்பில் சேறு ஒட்ட, ஒரு தெருவிளக்குக்காக ஓடினார். மரக்கட்டைகள் அடுக்கியிருந்த மரவாடி வாசலில் கம்பம் இருந்தது. கம்பத்தில் பழைய உருண்டை விளக்கும் இருந்தது. அவருக்கு மூச்சு திரும்பி வந்தது. இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார். விளக்குக்குப் போகும் கம்பி பாதியில் அறுந்து தொங்கியது. அறுந்த முனை கறுத்துக் களிம்பேறி, பல வருடத்துக்கு முன் அறுந்தது என்று அதுவே சொல்லிற்று.

கணக்குக்கு எடுத்துக்கொண்ட படத்தை அவர் எடுத்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். விளக்கு அணைந்தது ஆறு வருடத்துக்கு முன்னால். இதற்கு மேல் கணக்குப் போட ஒன்றுமில்லை. மழையில் அப்படியே நின்றார். மரவாடிக்காரர் வெளியே வந்து, "யாரைப் பாக்கணும் பெரியவரே?" என்று கேட்டார். தவசிமுத்து திரும்பி நடந்தார்.

ஜீப் திரும்ப மலையேறியது.

மலைக்கு வந்ததும் ஈரச் சட்டையோடு கணினி முன் உட்கார்ந்தார். ஏழாவதைக் கழிக்காமல் கணக்கை ஓட்டினார். கோடு எழுந்து நின்றது. மெலிந்ததுதான், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நின்றது. மூலப்படத்தை எடுத்துப் பார்த்தார். தெருவிளக்கு ஒளி என்றால் வானமெங்கும் பரவி, படத்தின் மேலிருந்து கீழ்வரை விழ வேண்டும். இது திரள் இருந்த இடத்தில் மட்டும் ஒரு பொட்டு போல விழுந்திருந்தது. இரண்டு வருடமாக அது அவர் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. பார்க்க மனமில்லாமல் இருந்திருக்கிறார்.

சூரியனில் இருக்கும் ஆக்சிஜனில் இருபதில் ஒரு பங்கு. அவ்வளவுதான் அந்தத் திரளிடம் இருந்தது.

எழுந்து நேரே குருவின் அறைக்குப் போனார். கதவைத் தட்டவில்லை.

"உங்களுக்கு முன்னாலயே தெரியும்லா?"

மெஹருன்னிசா நிமிர்ந்தார்.

"தெரிஞ்சுக்கிட்டே என்னை மழையில தெருத்தெருவா அலைய விட்டீங்கள்லா? வயசான மனுசன்னு ஒரு இரக்கம் வேண்டாமா? ஏழு வருஷம்! எம் பொண்டாட்டி நகையை வித்து வந்து உக்காந்தேன் இங்க! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னா உங்க நாக்கு தேஞ்சா போயிரும்?"

குரல் நடைபாதை முழுக்கக் கேட்டது. பக்கத்து அறைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றது. யாரோ மெதுவாகத் தங்கள் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு கதவும் சாத்தப்பட்டது.

கடைசிவரை கத்தவிட்டு, மெஹருன்னிசா சொன்னார்.

"போன வாரம் காயலான் கடையில பழைய மெர்க்குரி விளக்குக் கூடெல்லாம் குவிஞ்சு கிடந்தது சார். கழட்டி ஆறு வருஷம் ஆச்சுன்னு கடைக்காரர் சொன்னார். அப்பதான் சந்தேகம் வந்தது."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா."

"நானும் அதே பட்டியலை வச்சுத்தான் கழிச்சேன். அந்த ஆறு வருஷத்துல என்னோடது ரெண்டு கட்டுரை வந்திருக்கு. முதல்ல அதைப் பாத்தேன்."

"என்ன ஆச்சு?"

"ரெண்டும் தப்பு. நேத்து வாபஸ் கடிதம் போட்டேன்."

தவசிமுத்து எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வந்து பழக்கமில்லை. மேசைமேல் இருந்த தன் அத்தியாயத்தையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"நான் என்ன எழுதட்டும் மேடம்?"

"கோடு இருக்குன்னு எழுதுங்க."

"அப்படி எழுதினா இதுல புதுசா ஒண்ணுமே இல்லையே. நூத்தோட நூத்தி ஒண்ணு."

"ஆமா சார்."

"பட்டம் குடுப்பாங்களா?"

"தெரியல."

வெளியே மழை வலுத்தது. தவசிமுத்து நாற்காலியை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம், இத்தனை நட்சத்திரம் பிறந்திருக்கு. இத்தனை வெடிச்சிருக்கு. உண்டானது எல்லாம் எங்க?"

"வெளிய போயிடுச்சு சார்."

"யாரு இழுத்துட்டுப் போனா?"

"யாரும் இழுக்கல. உள்ள வெடிச்ச வேகத்துல போச்சு."

"பெரிய கேலக்ஸியிலயும் வெடிக்கத்தான செய்யுது?"

"செய்யுது. அதுக்குப் பாரம் அதிகம். எவ்வளவு வெடிச்சாலும் இழுத்துப் பிடிச்சுக்கும்."

"இதுக்கு?"

"இதுக்கு அவ்வளவு பிடிப்பு கிடையாது."

தவசிமுத்து கையைப் பிசைந்தார். அடுத்து வந்த குரல், சற்று முன் கத்தியவருடைய குரலே இல்லை.

"மூணு நாள் கத்தினேன் மேடம்."

யாரைச் சொல்கிறார் என்று மெஹருன்னிசா கேட்கவில்லை.

"எம் மவ அனுசியா. ஒத்தப் பிள்ளை. முதல் நாள் அழுதா. ரெண்டாம் நாள் பதில் பேசினா. மூணாம் நாள் ஒண்ணுமே பேசல. அடங்கிட்டான்னு நினைச்சேன். அப்பவும் நான் நிறுத்தல. அவ அம்மா வந்து என் கையைப் பிடிச்சா, அவளையும் தள்ளிவிட்டுட்டுக் கத்தினேன்."

"ம்."

"காலையில எந்திரிச்சுப் பாத்தா, வீடு அப்படி ஒரு அமைதியா இருந்துச்சு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. துடைத்தால் அழுகிறோம் என்று ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்று அந்தக் காலத்திலிருந்தே ஒரு பிடிவாதம். மெஹருன்னிசா தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் குடிக்கவில்லை.

"இந்தக் கேலக்ஸியில இப்பவும் எரிஞ்சுட்டுத்தான இருக்கு மேடம்?"

"ஆமா. அது எரியறதாலதான் நமக்குத் தெரியுது."

"அப்ப இன்னும் வெளிய தள்ளிக்கிட்டேதான் இருக்கும்."

"இருக்கும்."

"போனது என்னைக்காவது திரும்பி வருமா?"

மெஹருன்னிசா பொய் சொல்லத் தெரியாத மனுஷி. ஆறுதல் சொல்லவும் அவருக்கு வராது.

"தானா வர்றதுன்னா, அது முதல்ல அடங்கணும். அதுக்கப்புறமும் பல கோடி வருஷம் ஆகும். பாதிக்கு மேல வராது."

"பல கோடி வருஷம்."

"ஆமா."

"வராதது எல்லாம் என்ன ஆகும்?"

"எங்கேயாவது இருக்கும். இல்லாம போகாது."

"இருக்குன்னு யாரு பாத்தா?"

மெஹருன்னிசா சீடரின் அத்தியாயத்தைத் திறந்தார். திரளின் படம் இருந்த பக்கத்தை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். நடுவில் வெளிச்சமான ஒரு கட்டி, சுற்றிலும் கறுப்பு. கட்டியின்மேல் தவசிமுத்து பார்த்த இடங்களெல்லாம் சின்னச் சின்னச் சதுரமாகக் குறிக்கப்பட்டிருந்தன. மொத்தம் இருபத்து மூன்று சதுரம். கறுப்பில் ஒன்றுகூட இல்லை.

"ஏழு வருஷமா டெலஸ்கோப்பை நடுவுலயேதான் வச்சிருந்தோம் சார். வெளிய ஒரு தடவைகூட நீங்க திருப்பச் சொல்லல."

தவசிமுத்து அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.